அடிப்பலகைக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக் கழித்த வருடங்களில் ஒரு பெரிய வீட்டுக்கு வேண்டிய கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி எல்லாம் செய்து மாட்டியிருக்கலாம். தயங்கியதற்குக் காரணம் பயமில்லை. கள்ள அறை வைத்துப் பெட்டி செய்கிறவன் அதைப் பற்றி ஊருக்கு எழுதினால் பிறகு எதற்கு அந்தக் கள்ள அறை? ஆனால் இதில் வருகிற அலமாரி இன்று இல்லை. அதை வைத்திருந்த மருந்தகத்து டிரெஸ்ஸரும் அவர் மனைவியும் நல்லபடியாக வாழ்ந்து முடித்துச் சாமியிடம் போய்விட்டார்கள். எனக்கும் உளி பிடித்தால் கை நடுங்குகிறது. பேனா பிடித்தால் அவ்வளவு நடுங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் நான் படித்தது கொஞ்சம்தான். பிழை இருந்தால் பெரிய மனசு பண்ணுங்கள்.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, கள்ள அறை எப்படிச் செய்வது என்று கேட்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் அளவு நாடா வேறு. பலகையை எப்படி அறுப்பது, எங்கே பள்ளம் எடுப்பது என்பதையெல்லாம் உங்கள் முதலாளி சொல்லித் தருவார். சம்பளம் தருவாரா என்பது வேறு விஷயம். நான் சொல்லப் போவது, அறையை நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதை வைத்திருக்கப் போகிறவர் ஒரு மனிதர் என்பதுதான். இந்தத் தொழிலில் இருக்கும் ஒரே கஷ்டம் அந்த மனிதர்.

ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு நான் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். அடிப்பக்கம் இரட்டைப் பலகை, நடுவில் சாமான் வைக்க இடம். தூக்கிப் பார்த்தாலும் தெரியாது, தட்டிப் பார்த்தாலும் தெரியாது. அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் திருப்தியே இல்லை.

"எல்லாம் சரி ஆசாரி. பூட்டு எங்க?"

"இதுக்குப் பூட்டு கெடையாதுங்க. இருக்கறதே தெரியாதுல்ல."

"தெரிஞ்சுட்டா? ஒரு நல்ல பித்தளைப் பூட்டா மாட்டி விடு."

மாட்டிக் கொடுத்தேன். பளபளவென்று கள்ள அறைக்கு ஒரு பூட்டு. பணம் கொடுக்கிறவர் சொல்கிறார், நாம் யார் மறுப்பதற்கு. ஜப்பான்காரன் ஊருக்குள் வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பூட்டை உடைத்துவிட்டான். பெட்டியை அவன் ஒன்றும் செய்யவில்லை. நல்ல வேலைப்பாடு என்று நினைத்தானோ என்னவோ.

அப்போது எனக்கு மலாய் நாட்டில் காஜா பேராங்கில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. ஆசியாவை விடுவிக்க வந்தவர்கள் முதலில் எங்கள் சைக்கிள்களை விடுவித்துக்கொண்டு போனார்கள். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். ஊரே திருப்பி வைத்தது, சேவல்கள் மட்டும் கீழ்ப்படியவில்லை. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. காலையிலும் கிழங்கு, மத்தியானமும் கிழங்கு, ராத்திரிக்கு ஒரு மாறுதலுக்காகக் கிழங்கு.

என் பட்டறைக்கு மூன்று வீடு தள்ளி ஒரு டிரெஸ்ஸர் குடியிருந்தார். தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவந்தவர். வெள்ளைக்கார மானேஜர் ஓடிப்போனதும் தோட்டம் மூடிவிட்டது. மானேஜர் தன் நாயை மறக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு போனார், மருந்தகத்தை மறந்துவிட்டார். டிரெஸ்ஸர் அங்கே மிச்சமிருந்த கொய்னா மாத்திரைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து சேர்ந்தார். மலேரியாவுக்கு அதை விட்டால் வேறு மருந்து இல்லாத காலம். மருந்து யார் வைத்திருந்தாலும் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டிருந்தான். மறைத்தவன் தலை போகும். தலை போகும் என்று அந்தக் காலத்தில் சொன்னால் தலை போகும் என்றே அர்த்தம்.

டிரெஸ்ஸர் ஒப்படைக்கவில்லை. பகலில் அவர்களுடைய ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தார். காய்ச்சலில் கிடக்கிற ஏழைபாழைகளுக்கு வீட்டிலிருந்து மாத்திரை கொடுத்தார். மாத்திரைகளை வைக்க நான்தான் ஒரு சாமி அலமாரி செய்து கொடுத்தேன். மேலே படங்கள் வைக்க மாடம், கீழே இழுத்துத் திறக்க மூன்று லாச்சி. லாச்சிகளுக்கும் கீழே, தரையை ஒட்டி, ஒரு வெறும் அடிப்பலகை. அந்தப் பலகையின் இடது ஓரத்தை அழுத்தி வலது பக்கமாகத் தள்ளினால் உள்ளே ஒரு முழ ஆழத்துக்கு இடம். இலவம் பஞ்சு திணித்து, நடுவில் மாத்திரைகளைப் புதைத்தோம். தட்டினால் சத்தம் மாறாது. சாமிக்குக் கீழே இருப்பதால் யாரும் காலால் உதைக்கவும் மாட்டார்கள். எல்லாவற்றையும் யோசித்துச் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மன் மேலிருந்து சிரித்திருப்பாள்.

ஆயுத பூஜை அன்று காலை. பொரிக்குப் பதிலாக வறுத்த கிழங்குத் துண்டு வைத்து என் உளிக்கும் இழைப்புளிக்கும் பூஜை முடித்திருந்தேன். டிரெஸ்ஸர் மனைவி ஆளனுப்பினாள். நாலைந்து நாளாக மழை. அடிப்பலகை ஊறிப் பிடித்துக்கொண்டது, திறக்க மாட்டேன் என்கிறது, வந்து பாருங்கள் என்று. டிரெஸ்ஸர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

போய்ப் பார்த்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். அலமாரியை அழகாகத் துடைத்து, முதல் லாச்சிக்குச் சந்தனம் குங்குமம், இரண்டாவதுக்குச் சந்தனம் குங்குமம், மூன்றாவதுக்கும் அப்படியே. அதற்கும் கீழே வெறும் அடிப்பலகைக்கு, மற்ற மூன்றையும்விடப் பெரிதாக, நட்ட நடுவில் ஒரு பொட்டு.

"என்ன தங்கச்சி இது?"

"பொட்டுண்ணே. இன்னிக்கு ஆயுத பூஜையில்ல?"

"லாச்சிக்கு வச்சீங்க, சரி. இந்தப் பலகைக்கு எதுக்கு? இங்க ஒண்ணும் இல்லேன்னுதானே ஊருக்குக் காட்டிக்கிட்டிருக்கோம்!"

"லாச்சியில என்னண்ணே இருக்கு? ஒரு டப்பா ஊசியும் நூலும். இந்த வீட்டுக்கு லட்சுமி இந்தப் பலகைக்கு உள்ளதான இருக்கா? அவளுக்கு வைக்காம காலி லாச்சிக்கு வைக்கச் சொல்றீங்களா?"

பக்தியில் நான் அவளுக்குக் குறைந்தவனில்லை. அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் ஆபத்து. ஜப்பான்காரனுக்கு அந்தப் பொட்டு ஒரு கறை. நம் ஆள் ஒருவன் பார்த்தால் அது ஒரு கை நீட்டி "இங்கே" என்று காட்டுகிற மாதிரி.

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன குடும்பம். நம்மைப் போலவே அம்மனைக் கும்பிடுகிறவள், ஆனால் பேச்செல்லாம் மலாய்.

"ஆச்சி! ஜிப்புன் டாத்தாங்!"

ஜப்பான்காரன் வந்துவிட்டான். ரேடியோ தேடி வீடு வீடாக நுழைகிறார்கள். தெரு முனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

நான் துண்டை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வச்ச பொட்ட அழிக்கக் கூடாதுண்ணே! அவருக்கு ஆகாது!"

"அழிக்கலேன்னாதான் அவருக்கு ஆகாது!"

ஆனாலும் துடைக்கவில்லை. சாஸ்திரத்துக்காக மட்டுமில்லை. அது வார்னிஷ் அடிக்காத மெராந்திப் பலகை. குங்குமத்தைத் தேய்த்தால் சிவப்பாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு பொட்டைவிட, அழித்த பொட்டு இன்னும் மோசம். தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். என்ன செய்வீர்கள்? எனக்கு நின்று யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. முருகா என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதும் வந்த யோசனை இது.

"தங்கச்சி, கிண்ணத்த எடுங்க. எல்லாத்துக்கும் வைங்க."

"எல்லாத்துக்குமா?"

"இந்த வீட்டுல எது எதெல்லாம் இருக்கோ, எல்லாத்துக்கும்!"

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அலமாரிக் கால், பக்கப் பலகை, ஜன்னல் சட்டம், அம்மி, முறம், வாளி, குடை. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சந்தனம் தீர்ந்துபோனது. கிழங்கு மாவில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு தொடர்ந்தோம். நான் துடைப்பத்துக்கு வைக்கப் போனேன்.

"அய்யய்யே, தொடப்பத்துக்கா? வேணாண்ணே."

"ஏன், அதுவும் வேலை செய்யுதில்ல?"

"செஞ்சாலும் அது தொடப்பம்!"

"உங்க வீட்டுக்காரர் கழுத்துக்கு மேல இருக்கறத நெனச்சுக்கிட்டுப் பேசுங்க!"

"அவரே வந்தாலும் தொடப்பத்துக்கு வைக்க மாட்டேன்!"

துடைப்பம் தப்பித்தது. வாசலில் ஆள் நின்றது.

ஒரு சார்ஜன், இரண்டு சிப்பாய், கூடவே துபாஷி. துபாஷி தமிழன். உஜோங் பாசிரில் சைக்கிள் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தவன், நிப்பொன் மொழியில் கொஞ்சம் வார்த்தை பொறுக்கிக்கொண்டு கையில் அவர்கள் கொடுத்த துணிப்பட்டியைக் கட்டிக்கொண்டான். சார்ஜன் ஒரு வார்த்தை சொன்னால் இவன் பத்து வார்த்தை மொழிபெயர்ப்பான். நாம் பத்து வார்த்தை சொன்னால் அங்கே "ஹாய்" என்று ஒரு ஆமாம் போட்டு முடித்துவிடுவான்.

இடுப்பு வளையக் குனிந்து வணங்கினோம். சிப்பாய்கள் பாயைப் புரட்டினார்கள், கூரையைக் குத்தினார்கள். சார்ஜன் வாளியிலிருந்த பொட்டைப் பார்த்து என்னவோ கேட்டான். துபாஷி விளக்கினான். சார்ஜன் குடையைப் பார்த்தான், அம்மியைப் பார்த்தான், இந்த ஜாதியே இப்படித்தான் என்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டான்.

துபாஷி மட்டும் அதோடு விடவில்லை. சைக்கிள் கடையில் வருஷா வருஷம் ஆயுத பூஜை பார்த்தவன். எதற்குப் பொட்டு வைப்போம், எதற்கு வைக்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும்.

"என்னக்கா, கொடைக்கெல்லாம் பொட்டா?"

"மழைக் காலத்துல அதுதாம்பா ஆயுதம்."

"ஜன்னலுக்கு?"

"காத்து குடுக்குதுல்ல."

அவன் மெதுவாக அலமாரி முன்னால் குந்தினான். அடிப்பலகையைப் பார்த்தான். லாச்சிகளில் இருந்த மாதிரியே அங்கேயும் நல்ல சந்தனம், காய்ந்தது. வீட்டில் மற்றதெல்லாம் ஈரம். கட்டை விரலை வைத்தான். இடது ஓரத்தில் அழுத்தினான். வலது பக்கமாகத் தள்ளினான். சரியாக, நான் செய்து வைத்த மாதிரியே தள்ளினான்.

பலகை அசையவில்லை. நான் சரி செய்ய வந்த குறை, மழையில் ஊறிய அந்தப் பிடிப்பு, அப்படியே இருந்தது. என் வேலை கெட்டுப்போனதால் ஒரு மனிதன் தலை தப்பியது. இதை உங்கள் முதலாளியிடம் சொல்லி மட்டமாக வேலை செய்ய அனுமதி கேட்காதீர்கள். அது அம்மன் செய்த வேலை. அவளுக்கு மட்டும்தான் அந்த அனுமதி உண்டு.

வெளியே போய்விட்ட சார்ஜன் அங்கிருந்து கத்தினான். துபாஷி எழுந்து போனான். போகும்போது பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

மழை விட்டதும் பலகையின் ஓரத்தை இழைத்துச் சரி செய்து கொடுத்தேன். இரண்டு வாரம் போயிருக்கும். பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்தேன். துபாஷி வந்து நின்றான். கையில் துணிப்பட்டி இல்லை.

"ஆசாரியண்ணே, வீட்டுக்காரிக்குக் குளிர் காய்ச்சல். நாலு நாளாப் பெனாத்துது. நமக்கு ஆஸ்பத்திரில மருந்து இல்லேன்னுட்டான்."

"உனக்கே இல்லையா? அவ்வளவு கூழைக் கும்பிடு போட்டியே."

"குத்திக் காட்டாதீங்கண்ணே. டிரெஸ்ஸர் வீட்டுல இருக்கும்."

"அவரையே கேக்கறதுதானே?"

"நான் கேட்டா இல்லேம்பாரு."

"நான் கேட்டா மட்டும் இருக்கும்பாரா? தம்பி, நான் தச்சன். என்கிட்ட ஆணிதான் இருக்கு. காய்ச்சலுக்கு ஆகாது."

அவன் போகவில்லை. இழைப்புச் சுருளைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றான். அழுகிறானா நடிக்கிறானா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. மரமாக இருந்தால் தட்டிப் பார்க்கலாம். இரண்டு மாத்திரையை அவன் கையில் கொடுத்தால் அதை நேரே சார்ஜனிடம் கொண்டுபோகலாம். கொடுக்காவிட்டால் ஒரு பெண் சாகலாம். அவனை அனுப்பிவிட்டு, சாயங்காலம் டிரெஸ்ஸர் வீட்டுக்குப் போனேன்.

டிரெஸ்ஸர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வேண்டாம் ஆசாரி. இது கண்ணி. என் தலைய நானே தட்டுல வச்சுக் குடுக்கணுமா?"

அவர் சொன்னதும் நியாயம். அந்த வீட்டில் எல்லோருக்கும் நியாயம் இருந்தது.

அவர் மனைவி கேட்டாள், "ஏங்க, மாத்திரையாத்தான் குடுக்கணுமா? கரைச்சுக் குடுத்தா வேலை செய்யாதா?"

"செய்யும். ஆனா கசப்பு தாங்காதே. ஒரு வாய் குடிச்சா என்னன்னு தெரிஞ்சிடும்."

"வேப்பெலத் தீர்த்தம் இனிக்கவா செய்யுது?"

டிரெஸ்ஸர் நாற்காலியில் உட்கார்ந்தார். எவ்வளவு, எத்தனை வேளை என்று சொல்ல ஆரம்பித்தார்.

மறுநாளிலிருந்து டிரெஸ்ஸர் மனைவி தலைக்குக் குளித்து, ஒரு செம்பில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரோடு துபாஷி வீட்டுக்குப் போனாள். அம்மன் கோயில் தீர்த்தம் என்று சொல்லித் தன் கையாலேயே புகட்டினாள். கடைசிச் சொட்டு உள்ளே போகிற வரை நின்றாள். செம்பையும் தம்ளரையும் அங்கேயே கழுவிக்கொண்டு வந்தாள். எவன் கையிலும் ஒரு பொடி கூட மாட்டாது. முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன்.

"என்னக்கா, இப்படிக் கசக்குது!" என்று அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

"மாரியம்மா தீர்த்தம் பின்ன பாயாசமாவா இருக்கும்? குடிடி."

துபாஷி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை மொழிபெயர்க்கவில்லை.

ஒரு வாரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து கிழங்கு கேட்டாள். கிழங்கைக் கேட்டு வாங்கித் தின்ற முதல் ஆள் ஊரில் அவளாகத்தான் இருக்க வேண்டும். கடைசி நாள் டிரெஸ்ஸர் மனைவி செம்பைக் கழுவிக்கொண்டு கிளம்பியபோது துபாஷி படியில் வழிமறித்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு மறுபடி வருவாங்க. இந்த முறை கோடாலி கொண்டு வருவாங்க."

"யாருப்பா சொன்னது அவங்களுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொட்டைப் பார்த்த அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கிறான். ரேடியோ தேடுகிற அவசரத்தில் சார்ஜன் அப்போது காதில் வாங்கவில்லை, இப்போதுதான் நினைவு வந்திருக்கிறது. சொன்ன பிறகுதான் வீட்டில் காய்ச்சல் வந்திருக்கிறது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா அந்தக் காலத்தில்?

வியாழக்கிழமை காலை பலகையைத் திறந்து மாத்திரைகளை எடுத்தேன். மரத்தூள் மூட்டைக்குள் புதைத்து, அடுப்புக்கு விற்கப் போகிறவன் மாதிரி தலையில் வைத்துக்கொண்டு, காவல்காரனுக்குக் குனிய முடியாமல் குனிந்து, செமாபோக்கில் ஒரு தெரிந்த வீட்டில் சேர்த்தேன். பஞ்சையும் எடுத்துவிட்டு, பழைய புடவைகளைச் சுருட்டி வைத்தோம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். டிரெஸ்ஸரை ஆஸ்பத்திரியிலிருந்தே இழுத்து வந்து வாசலில் மண்டி போட வைத்திருந்தார்கள். சாமி படங்களை டிரெஸ்ஸர் மனைவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோடாலி விழுந்தது. மூன்றாவது வெட்டில் அடிப்பலகை பிளந்தது. சிப்பாய் கையை விட்டுத் துழாவினான். புடவை வந்தது. இன்னொரு புடவை வந்தது. அதில் ஒன்று கிழிசல்.

சார்ஜன் டிரெஸ்ஸரை விட்டுவிட்டுத் துபாஷியைக் கூப்பிட்டான். "பாக்கேரோ!" மடையன் என்று திட்டிக்கொண்டே, தெரு முழுக்கப் பார்க்க, கன்னத்தில் மாறி மாறி அடித்தான். துபாஷி விழுந்தான், எழுந்தான், நேராக நின்று "ஹாய்" என்றான். ஒவ்வொரு அடிக்கும் "ஹாய்". உண்மையைச் சொன்னதற்காக அடி வாங்குகிறோம் என்று அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், டிரெஸ்ஸர் தலை போயிருக்கும். சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில் ரத்தம். நான் அவன் பக்கம் போகவில்லை. எனக்கு மனசு வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். டிரெஸ்ஸர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார், அவனைப் பார்த்தார், உள்ளே போனார். பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு வந்து, "வாயத் தொற" என்றார்.

தம்பிகளே, இந்தக் கதை இப்போதே ஊரில் பல விதமாக நடமாடுகிறது. டிரெஸ்ஸர் பிள்ளைகள் சொல்லும்போது அவர் சார்ஜனை எதிர்த்துப் பேசுகிறார். பேசவில்லை, மண்டி போட்டிருந்தார். துபாஷியின் மனைவி சொல்லும்போது தீர்த்தத்தில் மருந்தே இல்லை, அம்மன் மட்டும் இருக்கிறாள். வருஷா வருஷம் பால் குடம் எடுத்தாள். அதை நான் மறுக்கவில்லை, அம்மன் இல்லாமல் அங்கே எதுவும் நடக்கவில்லை. தச்சர்கள் சொல்லும்போது என் அடிப்பலகையை ஜப்பான்காரனால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூன்று வெட்டில் கண்டுபிடித்தான், அதற்கு முன்னாலேயே நம் ஆள் ஒருவன் கட்டை விரலால் கண்டுபிடித்தான்.

உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்லும்போது இதை நான் சொன்னபடியே சொல்லுங்கள். என் வேலையைத் தூக்கிச் சொல்ல வேண்டாம். துபாஷியைத் திருத்தி நல்லவனாக்க வேண்டாம், அவன் போய்ச் சொன்னதை விட்டுவிடவும் வேண்டாம். டிரெஸ்ஸர் அவனிடம் வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்பார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "வாயத் தொற" என்றார். காயத்தைத் துடைத்துக் கன்னத்தில் கட்டுப் போட்டார். "நாளைக்கும் வா, கட்டுப் பிரிக்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.